கன்டெய்னர் பில்லுக்கும் சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டுமா?

புதிதாக ஒரு துறைமுகம் கட்ட வேண்டுமானால் சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சாலை, அணை, அனல்மின் நிலையம் என்றாலும் அப்படித்தான். ஆனால், கன்டெய்னர் தாமதக் கட்டணத்துக்கு எப்படி பில் போட வேண்டும் என்று ஒரு விதி எழுதுவதற்கும் சுற்றுச்சூழல் ஆய்வு செய்வார்களா? அமெரிக்காவில் செய்தார்கள். அங்கே கடல் வழி சரக்குப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ஃபெடரல் மாரிடைம் கமிஷன், 2022 அக்டோபரில் இப்படியொரு விதியின் வரைவை வெளியிட்டது. அதன் சுற்றுச்சூழல் விளைவையும் மதிப்பிட்டு, 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று முடிவு சொன்னது. பிறகு 2024 பிப்ரவரியில் இறுதி விதியை வெளியிட்டது. மே 28 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பில் என்பது காகிதம்தானே, அதற்கு எதற்கு இந்த ஆய்வு, வீண் வேலை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்வி சரியான கேள்வி. விடையும் பெரும்பாலும் சரி. ஆனால், கேள்வியை இன்னும் கொஞ்சம் விரித்துக் கேட்டிருக்கலாம். விளைபொருளை ஏற்றுமதி செய்யும் நம் விவசாயிகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. கன்டெய்னர் தாமதக் கட்டணத்தை முதலில் யார் கட்டினாலும், அது கடைசியில் விளைபொருள் விலையில்தான் வந்து விழுகிறது.

டெமரேஜ், டிடென்ஷன்: இரண்டும் என்ன?

கமிஷன் மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகிறவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். மண்டிக்காரர் பிளாஸ்டிக் கிரேட் கொடுக்கிறார். அதை இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும். தராமல் தோட்டத்திலேயே வைத்துக்கொண்டால், நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் கழிப்பார். கப்பல் கம்பெனியின் கன்டெய்னரை வெளியே எடுத்துச் சென்று, குறித்த நாளில் திருப்பித் தராவிட்டால் விழும் கட்டணம் டிடென்ஷன். சரக்கோடு வந்திறங்கிய கன்டெய்னரைத் துறைமுக முனையத்திலிருந்து எடுக்காமல் போட்டுவைத்தால் விழும் கட்டணம் டெமரேஜ். இரண்டுக்கும் முன்பாகச் சில நாட்கள் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். அதை 'ஃப்ரீ டைம்' என்பார்கள்.

இந்தக் கட்டணம் தவறானது என்று சொல்ல முடியாது. கட்டணமே இல்லையென்றால் துறைமுகத்தை எல்லோரும் இலவசக் கிடங்காக்கிவிடுவார்கள். பெட்டிகள் குவிந்து, அடுத்த கப்பலின் சரக்கை இறக்க இடம் இருக்காது. கிரேட் திரும்பி வராவிட்டால் அடுத்த விவசாயிக்குக் கிரேட் கிடைக்காது என்பது போலத்தான் இதுவும். கன்டெய்னரைச் சீக்கிரம் நகர்த்த வைப்பதுதான் கட்டணத்தின் நோக்கம் என்றும், நகர்த்த வழியே இல்லாத நாளில் வசூலித்தால் அந்த நோக்கம் நிறைவேறாது என்றும் அந்தக் கமிஷன் 2020 மே மாதத்திலேயே ஒரு வழிகாட்டு விதியில் விளக்கியிருந்தது.

அமெரிக்க விவசாயிகளுக்கு என்ன நடந்தது?

வழிகாட்டு விதி வந்த பிறகுதான் பிரச்னை முற்றியது. கொரோனா காலத்தில் அமெரிக்க மக்கள் வீட்டிலிருந்தபடியே பொருட்களை வாங்கிக் குவித்தார்கள். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சரக்கு ஏற்றிவரக் கிடைத்த வாடகை பல மடங்கு உயர்ந்தது. சரக்கை இறக்கிய கன்டெய்னரை உள்நாட்டுக்கு அனுப்பி, பாதாமோ வைக்கோலோ பால் பவுடரோ ஏற்றிக்கொண்டு வரும் வரை காத்திருப்பதைவிட, காலியாகவே ஆசியாவுக்குத் திருப்பி அனுப்புவது கப்பல் கம்பெனிகளுக்கு லாபமாக இருந்தது. கலிஃபோர்னியாவின் பாதாம் விவசாயிகள் ஓக்லாண்ட் துறைமுகத்தை நம்பியிருப்பவர்கள். விளைச்சலில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான் போகிறது. அவர்களின் மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தை நம் இந்தியாதான். கிடங்கில் சரக்கு இருந்தது. வாங்க ஆளும் இருந்தது. கன்டெய்னர் மட்டும் கிடைக்கவில்லை.

2021 மே முதல் செப்டம்பர் வரையிலான 5 மாதங்களில் மட்டும் கலிஃபோர்னியாவின் வேளாண் ஏற்றுமதிக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 210 கோடி டாலர் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நிலைமையைச் சமாளிக்க, 2022 தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறை ஓக்லாண்டில் வேளாண் சரக்குக்கென்றே தற்காலிகமாக ஒரு கன்டெய்னர் யார்டு ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பெட்டி கிடைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஏற்றுமதிக் கன்டெய்னரை எந்த நாளிலிருந்து முனையம் வாங்கிக்கொள்ளும் என்று ஒரு தேதி சொல்வார்கள். நம் ஊரில் ஏற்றுமதியாளர்கள் 'கேட் ஓபன்' என்று சொல்வதைப் போன்றது அது. அந்தத் தேதியை நம்பி லாரியை ஏற்றி அனுப்பிய பிறகு, கப்பல் தாமதம் என்று தேதியை மாற்றுவார்கள். லாரி திரும்பி வர வேண்டும். அல்லது, வேறு எங்காவது வாடகைக்கு நிறுத்த வேண்டும். கன்டெய்னர் வெளியே நிற்கும் நாளுக்கெல்லாம் டிடென்ஷன் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். முனையமே வாங்க மறுத்த நாளுக்கும் சேர்த்து பில் வரும். அந்த பில்லும் சில சமயம் மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வீதத்தில் என்ற விவரம் இருக்காது. சம்பந்தமே இல்லாத லாரிக்காரர் பெயருக்கும் பில் போகும்.

இதன் அளவு சிறியதல்ல. 2020 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரையிலான 2 ஆண்டுகளில் 9 பெரிய கப்பல் கம்பெனிகள் அமெரிக்காவில் போட்ட டெமரேஜ், டிடென்ஷன் பில்களின் மொத்தம் சுமார் 890 கோடி டாலர். அதில் வசூலானது சுமார் 690 கோடி டாலர். இரண்டு தொகைக்கும் நடுவே 200 கோடி டாலர் வித்தியாசம் இருக்கிறது. கேட்டவுடன் கட்டக்கூடிய தெளிவான பில்களாக எல்லாமும் இருந்திருந்தால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்திருக்குமா என்பது யோசிக்க வேண்டியது.

விவசாயச் சங்கங்கள் குரல் கொடுத்தன. மின்னசோட்டா, தெற்கு டகோட்டா போன்ற விவசாய மாநிலங்களின் உறுப்பினர்கள் முன்னின்றார்கள். இரு கட்சியினரும் சேர்ந்து ஆதரித்த கடல் கப்பல் போக்குவரத்துச் சீர்திருத்தச் சட்டம், 2022 ஜூன் 16 அன்று அதிபர் ஜோ பைடனின் கையெழுத்தோடு நிறைவேறியது.

சட்டமும் விதியும் சொல்வது என்ன?

பில்லில் 13 விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டமே பட்டியல் போட்டது. கன்டெய்னர் எண், இறக்கிய துறைமுகம், கன்டெய்னர் எடுக்கத் தயாரான தேதி, ஃப்ரீ டைம் எத்தனை நாள், அது தொடங்கிய தேதி, முடிந்த தேதி, எந்த விதிப்படி எந்த வீதம், மொத்தத் தொகை, கேள்வி கேட்கத் தொடர்பு எண் ஆகியவை அதில் அடங்கும். ஏற்றுமதிக் கன்டெய்னர் என்றால், முனையம் வாங்கிக்கொள்வதாகச் சொன்ன முதல் தேதியும் இருக்க வேண்டும். இந்தத் தாமதத்துக்கு எங்கள் செயல்பாடு காரணம் இல்லை என்று கப்பல் கம்பெனி எழுத்தில் உறுதி தர வேண்டும். இந்த விவரங்கள் இல்லாத பில்லைக் கட்ட வேண்டியதில்லை.

கமிஷனின் விதி இதற்குக் காலக்கெடு வைத்தது. கட்டணம் கடைசியாக விழுந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பில் அனுப்ப வேண்டும். தவறினால் கட்ட வேண்டிய கடமை போய்விடும். பில் பெற்றவர் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஆட்சேபம் வந்தால் 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும். போக்குவரத்துக்கு ஒப்பந்தம் செய்தவருக்கோ சரக்கைப் பெறுபவருக்கோதான் பில் போட வேண்டும் என்ற பிரிவும் இருந்தது. இதை எதிர்த்துக் கப்பல் கம்பெனிகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், 2025 செப்டம்பரில் அந்த ஒரு பிரிவை மட்டும் ரத்து செய்தது. பில்லில் இருக்க வேண்டிய விவரங்களும் காலக்கெடுவும் அப்படியே நிற்கின்றன.

சுற்றுச்சூழல் எங்கே வந்தது?

அமெரிக்காவில் தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் இருக்கிறது. அதன்படி, மத்திய அரசு அமைப்பு எதுவும் ஒரு முக்கியமான நடவடிக்கை எடுக்கும் முன் அதன் சுற்றுச்சூழல் விளைவைப் பார்க்க வேண்டும். அணை கட்டுவதும் நடவடிக்கைதான், விதி எழுதுவதும் நடவடிக்கைதான். முதலில் சுருக்கமான மதிப்பீடு செய்வார்கள். பெரிய பாதிப்பு இருக்கும் என்று தெரிந்தால் விரிவான அறிக்கை தயாராகும். இல்லையென்றால் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்று அறிவிப்பார்கள். இந்தக் கமிஷனின் நடைமுறையில், அப்படி அறிவித்தால் அதை மறுபரிசீலனை செய்யக் கோரி 10 நாட்களுக்குள் மனு கொடுக்கலாம்.

பில் விதிக்கும் இந்த வழிதான் பின்பற்றப்பட்டது. வெளியான முடிவு எதிர்பார்த்ததுதான். இந்த விதி எந்தக் கப்பலின் வழியையும் மாற்றவில்லை. ஒரு கிரேன்கூடப் புதிதாக நிறுத்தச் சொல்லவில்லை. பில்லில் என்ன எழுத வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. ஆகவே மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் நேரடியாகப் பெரிய பாதிப்பு இல்லை என்பது நியாயமான முடிவு.

ஆனால், கட்டணத்தின் வேலையே கன்டெய்னரை நகர்த்துவதுதான் என்று மேலே பார்த்தோம். அப்படியானால், பில் போடும் முறை மாறினால் கன்டெய்னர் நகரும் வேகமும் மாறக்கூடும். வேகம் மாறினால் புகையும் மாறும். 2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களில் இடம் கிடைக்காமல் காத்திருந்த கன்டெய்னர் கப்பல்களின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 109 ஆனது. நிற்கும் கப்பலிலும் விளக்கு, குளிர்சாதனம், பம்பு எல்லாவற்றுக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் துறைமுகத்தை ஒட்டி வாழும் ஏழைத் தொழிலாளர்கள். ஏற்றுமதித் தேதி மாறியதால் திரும்பிப் போன ஒவ்வொரு லாரியும் இரட்டை டீசல் எரித்தது. குளிர்சாதனக் கன்டெய்னர் நின்றால் நின்ற நாளுக்கெல்லாம் மின்சாரம் வேண்டும். ஆகவே, பில்லுக்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டது வீண் வேலை இல்லை.

கட்டணத்தைக் கெடுபிடி இல்லாமல் செய்தால் பெட்டிகள் தேங்கிவிடாதா என்பது கப்பல் கம்பெனிகள் தரப்பின் வாதம். கேட்க வேண்டிய வாதம்தான். இதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அனுபவமே பதில் சொல்கிறது. 2021 அக்டோபரில் அந்த இரு துறைமுகங்களும் ஓர் அறிவிப்பு வெளியிட்டன. லாரியில் போக வேண்டிய பெட்டி 9 நாளுக்கு மேல் கிடந்தால் 100 டாலர், அடுத்தடுத்த நாளுக்கு 100 டாலர் வீதம் கூடிக்கொண்டே போகும் என்றன. தேதி ஒத்திப்போடப்பட்டுக்கொண்டே வந்தது. 2023 ஜனவரியில் கைவிடப்படும் வரை ஒரு டாலர்கூட வசூலிக்கவில்லை. ஆனால், நாள்கணக்கில் கிடந்த பெட்டிகளின் எண்ணிக்கை பெரிய அளவில் குறைந்தது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். என்றாலும், என்ன கட்டணம், எந்த நாளிலிருந்து என்று முன்கூட்டியே தெளிவாகத் தெரிந்தால் மக்கள் பெட்டியை நகர்த்துகிறார்கள் என்பது புரிகிறது.

மூன்று மாதம் கழித்து வரும் பில் எந்தப் பெட்டியையும் நகர்த்தாது. பெட்டி அதற்குள் இரண்டு கடல் தாண்டியிருக்கும். அந்த பில்லால் பணம் கைமாறும், அவ்வளவுதான். ஃப்ரீ டைம் எப்போது முடிகிறது என்று தெரிந்தவர் அதற்கு முன்னால் லாரி ஏற்பாடு செய்வார். ஆகவே, தெளிவான பில் விவசாயிக்கு நியாயம் என்பதோடு, காற்றுக்கும் நல்லது. கமிஷனின் மதிப்பீடு 'பாதிப்பு இல்லை' என்ற இடத்தோடு நின்றுவிட்டது. நன்மை உண்டா, எவ்வளவு என்று பார்க்கும் வேலை அந்த நடைமுறையில் இல்லை. இதுதான் என் முதல் குறை.

இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. அந்தச் சட்டத்தின்கீழ், பொருளாதார இழப்பு மட்டும் இருந்தால் விரிவான ஆய்வு தேவைப்படாது. விளைபொருள் கிடங்கில் வீணாவதும், ஏற்றுமதி கைநழுவி விவசாயி கடனாளியாவதும் அந்தக் கணக்கில் தனியாக வராது. ஆனால், வீணான விளைபொருளுக்குள் தண்ணீர் இருக்கிறது, உரம் இருக்கிறது, டீசல் இருக்கிறது. வறட்சியில் நிலத்தடி நீரை இறைத்து வளர்த்த பயிர் சந்தைக்குப் போகாமல் வீணானால், அது சுற்றுச்சூழல் இழப்பும்தான். பெட்டி நின்ற இடத்தோடு கணக்கை முடிக்காமல், தோட்டம் வரை போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் நிலை என்ன?

இங்கே 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, திட்டங்களுக்கு மட்டுமானது. துறைமுகம் கட்டினால் ஆய்வு உண்டு, மக்கள் கருத்துக்கேட்பும் உண்டு. அதே துறைமுகத்தில் பெட்டி எத்தனை நாள் நிற்கலாம், எப்படிக் கட்டணம் போடலாம் என்ற விதிக்கு அந்த அறிவிக்கையின்கீழ் ஆய்வு இல்லை.

ஆனால், பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. மத்திய அரசு 2014இல் சட்டத்துக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை என்ற ஒன்றை வகுத்தது. அதன்படி, புதிய சட்டம், விதி எதுவானாலும் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அத்துடன், சுற்றுச்சூழலுக்கும், அடிப்படை உரிமைகளுக்கும், பாதிக்கப்படும் மக்களின் வாழ்க்கைக்கும், வாழ்வாதாரத்துக்கும் என்ன விளைவு ஏற்படும் என்ற மதிப்பீட்டையும் வெளியிட வேண்டும். கவனியுங்கள். அமெரிக்கச் சட்டம் தனியாகக் கணக்கில் எடுக்காத வாழ்வாதாரம் நம் கொள்கையில் எழுத்திலேயே இருக்கிறது. குறை என்னவென்றால், இது சட்டம் இல்லை, கொள்கை மட்டுமே. இதை மீறினால் விதி செல்லாது என்று வாதாட வலுவான பிடி கிடையாது.

பிடி இல்லாத அறிவுரை எப்படிப் போகும் என்பதற்குக் கன்டெய்னர் விஷயத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஊரடங்கின்போது கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், மார்ச் 22 முதல் ஏப்ரல் 14 வரையிலான நாட்களுக்கு டிடென்ஷன் கட்டணம் வாங்க வேண்டாம் என்று கப்பல் கம்பெனிகளுக்கு அறிவுரை வழங்கியது. நல்ல எண்ணத்தில் வந்த உத்தரவுதான். ஆனால், அறிவுரை என்பது கேட்பவர் மனதைப் பொறுத்தது. அமெரிக்கக் கமிஷனின் 2020 வழிகாட்டு விதிக்கும் இதே கதிதான். 'விவரம் இல்லாத பில்லைக் கட்ட வேண்டியதில்லை' என்று சட்டம் வந்த பிறகுதான் அதற்குப் பல் முளைத்தது.

இங்கே நான் கேட்பது மூன்று. ஒன்று, இந்தியத் துறைமுகங்களில் போடப்படும் கன்டெய்னர் தாமதக் கட்டண பில்லுக்கும் கட்டாய விவரப் பட்டியலும் காலக்கெடுவும் வேண்டும். விவரம் இல்லையென்றால் கட்டணம் இல்லை என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு, 2014 கொள்கையைச் சட்டமாக்க வேண்டும். மூன்று, சரக்குப் போக்குவரத்து விதி எதை எழுதினாலும், அழுகும் பொருளுக்கும் குளிர்சாதனக் கன்டெய்னருக்கும் அதன் விளைவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்படி ஆய்வு, மதிப்பீடு என்று கேட்டுக்கொண்டே போனால் எந்த விதியும் வெளியே வராது என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்காவிலேயே இந்த வாதம் வலுப்பெற்றுவிட்டது. 2025இல் அந்தச் சுற்றுச்சூழல் சட்டத்தைச் செயல்படுத்துவதற்கான பொது நெறிமுறைகளை அரசு திரும்பப் பெற்றது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு மே மாதம், ஆய்வின் எல்லை பற்றி அரசு அமைப்புகளின் முடிவுகளில் நீதிமன்றங்கள் அதிகம் தலையிட வேண்டாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால், இந்த பில் விதி அந்த வாதத்துக்கு நல்ல மறுமொழி. ஆய்வு செய்தார்கள், முடிவை வெளியிட்டார்கள், ஆட்சேபத்துக்கு நாள் கொடுத்தார்கள். வரைவு வந்து ஒன்றரை ஆண்டுக்குள் இறுதி விதியும் வந்துவிட்டது. சிறிய விதிக்குச் சிறிய ஆய்வு போதும். ஆய்வே வேண்டாம் என்பது வேறு.

ஏற்றுமதி செய்வோர் இப்போதே செய்யக்கூடியவை

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சிப் பகுதியின் தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், இறால், ஊறுகாய் வெள்ளரி, முருங்கை இலைப்பொடி என்று நம் பொருட்கள் அமெரிக்காவுக்குப் போகின்றன. அங்கே போய் இறங்கும் சரக்குக்கு அந்த விதியின் பாதுகாப்பு உண்டு. வாங்குபவர், "டெமரேஜ் விழுந்துவிட்டது, உங்கள் தொகையில் கழித்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், அந்த பில்லின் நகலைக் கேளுங்கள். 13 விவரங்களும் இருக்கின்றனவா, 30 நாட்களுக்குள் போடப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை அவர் கட்டவே வேண்டியதில்லை. உங்களிடமும் கழிக்க முடியாது என்று எழுதுங்கள்.

இந்தியத் துறைமுகத்தில் விழும் கட்டணத்துக்கு அந்த விதியைக் காட்ட முடியாது. ஆனால், அதே பழக்கத்தை நாமே கடைப்பிடிக்கலாம்.

கன்டெய்னர் புக் செய்யும்போதே ஃப்ரீ டைம் எத்தனை நாள், எந்த நாளிலிருந்து கணக்கு, அதற்குப் பிறகு நாளுக்கு எவ்வளவு என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் போனில் சொன்னது பிறகு நிற்காது.

சென்று சேரும் துறைமுகத்தில் தாமதக் கட்டணம் விழுந்தால் யார் பொறுப்பு என்பதை வாங்குபவரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆவணம் அனுப்புவதில் நாம் தாமதித்தால் நாம், பணம் கட்டி ஆவணத்தைப் பெறுவதில் அவர் தாமதித்தால் அவர் என்று பிரித்து எழுதலாம்.

காலி கன்டெய்னர் எடுத்த தேதி, லாரி துறைமுக வாசலுக்குப் போன நேரம், உள்ளே போனதற்கான சீட்டு, திருப்பி அனுப்பப்பட்டால் அதற்கான காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். செல்போனில் படம் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது. தேதி மாற்றம் பற்றி வந்த செய்திகளை அழிக்காதீர்கள்.

அறுவடையையும் பேக்கிங்கையும் 'கேட் ஓபன்', 'கட் ஆஃப்' தேதிகளைப் பார்த்து வையுங்கள். வாழை, காய்கறி போன்றவற்றுக்கு இது உயிர்நாடி. கப்பல் தேதி உறுதியாகும் முன் தாரை வெட்டிவிட்டால், கட்டணத்தோடு சரக்கும் போகும்.

பில் வந்தால் முதலில் நாட்களை எண்ணுங்கள். உதாரணத்துக்கு, ஃப்ரீ டைம் 5 நாள், நாளுக்கு 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கன்டெய்னர் 12ஆம் நாள் திரும்பியது. கட்ட வேண்டியது 7 நாளுக்கு 420 டாலர். அதில் 3 நாள் முனையம் வாங்க மறுத்த நாள் என்றால், அந்த 180 டாலரைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஆதாரத்தோடு எழுதுங்கள். தள்ளுபடி கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால், எழுதிக் கேட்காவிட்டால் கிடைக்கவே கிடைக்காது. பில் கிடைத்த ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுவது நல்லது.

வேளாண் வணிகத் துறை அலுவலர்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குப் பயிற்சி அளிப்பவர்களும் ஏற்றுமதிப் பயிற்சிகளில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தரச்சான்று, பேக்கிங், உரிமம் பற்றியெல்லாம் சொல்லித் தருகிறார்கள். கன்டெய்னர் பில்லைப் படிக்கச் சொல்லித் தருவது அரிது. ஓர் அசல் பில்லை, பெயரை மறைத்து, பலகையில் ஒட்டிவைத்து, வரிவரியாகப் படித்துக் காட்டினாலே போதும். எத்தனை பேருக்கு எத்தனை நாளுக்கு என்ன கட்டணம் விழுந்தது என்ற தகவலையும் அப்படியே திரட்டி வையுங்கள். நாளைக்கு இங்கே இப்படியொரு விதியின் வரைவு வந்து 30 நாளுக்குள் கருத்துச் சொல்லுங்கள் என்று அரசு கேட்டால், நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். அமெரிக்க விவசாயிகள் சட்டத்தை வாங்கியதும் தங்களுக்கு வந்த பில்களை எடுத்துப்போய்க் காட்டித்தான்.